உப்புத் தண்ணீர் நிலத்தில் வனாமி இறாலா, தீக்குச்சி மரமா?

விருதுநகர் மாவட்டத்தில் போர்வெல் தண்ணீர் உப்பாகிப்போன விவசாயிகள் சிலர், தூத்துக்குடி பக்கம் இறால் பண்ணைகளைப் பார்த்துவிட்டு வந்து "நம் தோட்டத்திலும் குட்டை வெட்டலாமா?" என்று கேட்கிறார்கள். நான்கு மாதத்தில் பணம் கைக்கு வரும் என்பதுதான் ஈர்ப்பு. பக்கத்திலேயே தீப்பெட்டித் தொழில் இருக்க, பெருமரம் எனப்படும் தீக்குச்சி மரம் ஆறு முதல் எட்டு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. இருந்தாலும் என் யோசனை மரம்தான்.

நம் உப்பும் கடல் உப்பும் ஒன்றல்ல. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு உண்டு. மின்கடத்துதிறன் 5 உள்ள கிணற்று நீரில் ஏறத்தாழ 3 கிராம்தான். வனாமி குறைந்த உப்பிலும் வளரும். ஆனால் நிலத்தடி நீரில் பெரும்பாலும் பொட்டாசியம் போதாது, குஞ்சுகள் தோலுரிக்கும்போது மடியும். வெண்புள்ளி வைரஸ் வந்தால் சில நாட்களில் குட்டையே காலி. காற்றூட்டிக்கு இரவு முழுக்க மின்சாரம் வேண்டும். வெளியேற்றும் உப்பு நீர் பக்கத்துக்காரர் கிணற்றையும் கெடுக்கும். ஊரில் தகராறு வர இது ஒன்றே போதும். விவசாய நிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்ததையும் மறக்க வேண்டாம். மீன்வளத் துறையிடம் கேட்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

பெருமரம் வறட்சி தாங்கும். ஆனால் தண்ணீர் தேங்கும் கரிசல் பள்ளத்தில் வேர் அழுகும். வடிகால் உள்ள செம்மண், சரளை நிலமே ஏற்றது. ஒன்றரை அடிக் குழியெடுத்து, 10 அடிக்கு 10 அடி இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 430 கன்றுகளை ஐப்பசி மழையோடு நடவும். விதையின் முளைப்புத்திறன் சில மாதங்களே நிற்கும் என்பதால் பழைய விதையை வாங்க வேண்டாம். முதல் இரண்டு கோடையில் உயிர்த் தண்ணீர் கொடுங்கள், அதற்கு உப்பு நீரைத் தவிர்க்கவும். இலையைப் புழு பின்னிக்கொண்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். தழையை ஆடு விரும்பித் தின்னும். அதனாலேயே இளங்கன்றுக்கு வேலி அவசியம்.

சந்தையிலும் ஒரு கவலை உண்டு. மலிவு லைட்டர்களால் தீப்பெட்டி விற்பனை அடிவாங்கியது. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு 2023 ஜூனில் தடை விதித்தது. எனவே முழு நிலத்திலும் நடாமல், முதலில் ஒரு ஏக்கரிலோ வரப்பிலோ தொடங்குங்கள். நடும் முன்பே குச்சி ஆலைக்காரரிடம் எந்தச் சுற்றளவு மரம் எடுப்பார் என்று கேட்டு வையுங்கள். வெட்டிய மரம் காயக் கூடாது, பூஞ்சணம் பிடித்து நிறம் மாறினால் விலை இறங்கும். லாரி வாசலுக்கு வந்த பிறகு கோடரியை எடுங்கள்.