பார்னிகற் களப்பின் பதுங்குபெட்டி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழைக் கரையிலே, நியூ யேர்சி மாநிலத்தில், பார்னிகற் களப்பு என்னும் ஆழமற்ற நீர்ப்பரப்பொன்று உண்டு. நீண்டு ஒடுங்கிய மணற்றிட்டுகள் அதனை அத்திலாந்திக் சமுத்திரத்தினின்றும் பிரிக்கின்றன. அதன் ஓரங்களிலே சேறும் புல்லும் நிறைந்த சதுப்புநிலங்கள் பரந்து கிடக்கின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெயர்ந்துவரும் காட்டுத்தாராக்கள் அங்கே தங்கி இரை தேடும். அவற்றை வேட்டையாடும்பொருட்டு அக்கரை மக்கள் தம் வீட்டுக் கொட்டில்களிலே கட்டிய சிறு மரத்தோணியின் வரலாறு, ஒரு கைத்தொழில் தோன்றும் விதத்தை மாத்திரமன்றி, அதற்கு எல்லை வகுக்கவேண்டிய தேவையையும் விளக்குவதாகும்.

தாரா கூரிய பார்வையுடைய பறவை. பக்கங்கள் உயர்ந்த தோணியைத் தூரத்திற் கண்டமாத்திரத்தே எழுந்து பறந்துவிடும். சேற்றிலும் மெல்லிய பனிக்கட்டியிலும் சாதாரண தோணி செல்லவும் மாட்டாது. இவ்விரு இடர்களையும் ஒருங்கே தீர்த்தவர் வெஸ்ற் கிறீக் என்னும் ஊரினரான ஹேசல்ற்றன் சீமன். தோணி கட்டுவதிலும் பறவை வேட்டையிலும் வல்லவரான அவர், 1836 ஆம் ஆண்டளவில், தமது சொந்த உபயோகத்துக்கெனத் தட்டையான சிறு தோணியொன்றை அமைத்தார். பதுங்கிச் செல்லும் பெட்டி என்னும் பொருளில் அது பின்னர் 'சினீக்பொக்ஸ்' எனப் பெயர் பெற்றது. அதனைப் பதுங்குபெட்டி என்று தமிழில் வழங்கலாம்.

பதுங்குபெட்டியின் நீளம் ஏறக்குறைய 12 அடி. அகலம் 4 அடி. கரண்டியின் புறம்போல வளைந்த அடிப்பாகம் நீரிலும் சேற்றிலும் பனிக்கட்டியிலும் வழுக்கிச் செல்லும். மேற்றட்டும் மெல்ல வளைந்து தோணி முழுவதையும் மூடியிருக்கும். நடுவிலுள்ள சிறு திறப்பினூடே ஒருவர் உட்சென்று படுத்திருக்கலாம். மேற்றட்டின்மீது புல்லைப் பரப்பிவிட்டால், தோணி சதுப்புநிலத்தின் ஒரு பகுதியாகவே தோன்றும். மரத்திற் செதுக்கிய பார்வைத் தாராக்கள் நீரில் மிதக்கவிடப்பட்டு, பறக்கும் கூட்டத்தை அருகில் ஈர்க்கும்.

இதற்கு வேண்டிய மரத்தைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. இலேசானதும் எளிதில் உளுத்துப் போகாததுமான வெண்சீடர் அயலிலுள்ள சதுப்புக் காடுகளிலேயே வளர்ந்தது. கட்டுவோர் அச்சுப்பலகையை வைத்து வங்குகளை வெட்டி நிறுத்தி, அவற்றின்மேற் பலகைகளைப் பொருத்தி, இடுக்குகளைக் கலப்பற்றிட்டு அடைத்தனர். கண்ணளவும் கைப்பழக்கமுமே அவர்களுக்கு நூலாயின.

இத்தோணியின் உறுதியை உலகறியச் செய்தவர் நதானியேல் பிஷப். 1875 டிசெம்பரிலே பிற்ஸ்பேர்க் நகரிலிருந்து பதுங்குபெட்டியொன்றிற் புறப்பட்டு, ஒகையோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியாகவும் மெக்சிக்கோ வளைகுடாக் கரையோரமாகவும் 2,600 மைல் பயணஞ்செய்து, அடுத்த ஆண்டில் அவர் புளோறிடாவை அடைந்தார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1879 இல் வெளிவந்தது.

ஆயின், வீட்டுத் தேவைக்காகத் தோன்றிய கருவி விரைவிற் சந்தையின் கருவியாயிற்று. 1871 இல் டக்கர்ற்றன் என்னும் ஊர்வரை புகையிரதப் பாதை வந்தது. நியூ யோர்க், பிலடெல்பியா நகரங்களின் உணவுச்சாலைகள் காட்டுத்தாராக்களை விலைகொடுத்து வாங்கின. ஒரு குடும்பத்தின் பசிக்கு எல்லையுண்டு. நகரச் சந்தையின் பசிக்கு எல்லையில்லை. இத்தகைய சந்தை வேட்டையின் விளைவை வட அமெரிக்காவின் பயணிப்புறா காட்டிற்று. எண்ணிறந்த கூட்டங்களாய் வாழ்ந்த அவ்வினத்தின் இறுதிப் பறவை 1914 இலே சின்சினாற்றி விலங்குக்காட்சிச்சாலையில் மாண்டது.

இந்நிலையிலே சட்டம் குறுக்கிட்டது. 1900 ஆம் ஆண்டின் லேசிச் சட்டம், முறைகேடாகக் கொல்லப்பட்ட விலங்கு பறவைகளை மாநிலம்விட்டு மாநிலம் கொண்டுசெல்வதைத் தடுத்தது. கனடாவின் சார்பிற் பிரித்தானியாவுடன் 1916 இற் செய்யப்பட்ட உடன்படிக்கையைத் தொடர்ந்து, 1918 இல் வலசைப்பறவைச் சட்டம் இயற்றப்பட்டுச் சந்தை வேட்டை முடிவுற்றது. 1920 இல் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. 1934 முதல் நீர்ப்பறவை வேட்டைக்காரர் ஒரு டொலர் கொடுத்து முத்திரை வாங்கவேண்டியதாயிற்று. அப்பணம் பறவைகளின் உறைவிடங்களைப் பேண உதவிற்று.

சட்டத்தினாற் பதுங்குபெட்டி அழிந்துவிட்டதா? இல்லை. சந்தை ஒழிந்த பின்னரும் தோணி நிலைத்தது. வெண்சீடருக்குப் பதிலாக ஒட்டுப்பலகையைக் கொண்டு வீட்டிலே அதனைக் கட்டுவோர் இன்றும் உளர். டக்கர்ற்றனில் 2000 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரும்பொருட்சாலை, களப்பு மக்களின் தொழில்களைப் போற்றி வருகின்றது. அக்கரையின் இரு பறவைப் புகலிடங்கள் 1984 இல் ஒன்றாக்கப்பட்டு, எட்வின் போர்சைத் என்பவரின் பெயரால் வழங்குகின்றன.

சீமன் தமக்கெனக் கட்டிய தோணியைச் சந்தை தனதாக்கிக் கொண்டது. சட்டம் அதனை மீண்டும் தமக்கெனக் கட்டுவோரிடமே ஒப்படைத்தது. கைத்திறன் தானாக ஓர் இனத்தைக் காப்பதுமில்லை, அழிப்பதுமில்லை. அதனை எவ்வளவிற்குப் பயன்படுத்துவது என்பதை நிறுவுவது சமுதாயத்தின் கடன். அவ்வெல்லை வகுக்கப்பட்டமையாலேயே, பார்னிகற் களப்பிலே தாராவும் எஞ்சியது, தோணியும் எஞ்சியது.