வரைபடம் முன்னே, பதிவேடு பின்னே

லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய்க்கு அந்தோணி என்றொரு மகன். பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளை. எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்கலாம். பொருந்துகிறவர் குடும்பத்தில் யாருமில்லை. முன்பின் தெரியாதவர்களின் திசு வகையைச் சோதித்து எழுதி வைத்தால் எங்காவது ஒருவர் கிடைப்பார் என்று 1974-இல் அவர் தொடங்கியதுதான் உலகின் முதல் கொடையாளர் பதிவேடு. 1979-இல் அந்தோணி இறந்துபோனான். பதிவேடு வளர்ந்தது.

நம்மிடம் கதை தலைகீழ். சென்னையில் பதிவேடு பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, அது ஏன் வேண்டும் என்று காட்டும் ஆராய்ச்சி மதுரையில் நடந்துவிட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆர்.எம். பிச்சப்பன் குழுவினர், தமிழ்நாட்டுச் சமூகங்களின் எச்.எல்.ஏ. எனும் திசு வகைகளை ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார்கள். நம் செல் எது, அந்நியம் எது என்று எதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் காட்டுபவை இந்த மரபணுக்கள். ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன.

டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிப்பது எளிதாகாத காலம் அது. பல பிள்ளை பெற்ற தாய்மாரின் ரத்தத்தில், பிள்ளை வழியே வந்த தகப்பனின் வகைக்கு எதிரான புரதம் ஊறியிருக்கும். அந்தச் சீரத்தில் துளியூண்டு எடுத்து, பாசிமணி அளவுக் குழியில் வெள்ளணுக்களோடு கலந்து, முயல் சீரமும் சேர்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். செத்த அணு சாயம் ஏற்கும். அதை வைத்து வகை சொல்வார்கள். எந்த ஊர்த் தாயோ கொடுத்த ரத்தம், யாருடைய வம்சாவளியையோ படிக்க உதவியிருக்கிறது. எனக்கு இன்றும் இது ஆச்சரியம்தான்.

பேசுவது ஒரே தமிழ் என்றாலும், எந்த வகை எவ்வளவு என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறியது. சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததன் விளைவு. கடலூர் மாவட்டத்தையே பாருங்கள்: தில்லை தீட்சிதர்கள், கிள்ளை இருளர்கள், பரங்கிப்பேட்டை மரைக்காயர்கள், தேவனாம்பட்டினத்து மீனவர்கள். பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான். கொள்வினை கொடுப்பினை கிடையாது.

2009-இல் சென்னையில் தாத்ரி பதிவேடு தொடங்கியது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். நோயாளிக்காகச் சேரும் இந்த மாதிரிகளே மக்கள்தொகையின் மரபணு விவரமாகவும் ஆகின்றன. அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014-இல் கணக்கிட்டார்கள்: முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளியினருக்கு 75 சதவீதம், தெற்காசியருக்கு 33. நம்மவர் மாதிரிகள் அங்கே குறைவு, நம்மிடையே வகைகளோ அதிகம்.

கடலூரில் ஒரு பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால், கூடப்பிறந்தவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. அது தவறினால், பொருந்துகிறவர் அதே சமூகத்திலோ அக்கம்பக்கத்திலோ இருக்கத்தான் சாத்தியம் அதிகம். அதனால்தான் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதிப் பிள்ளைகள் போன்றவர்கள் பதிய வேண்டும் என்கிறேன். 18 வயது நிரம்பி, நல்ல உடல்நலத்தோடு இருக்க வேண்டும். பெரும்பாலும் கை ரத்தக்குழாய் வழியாகத்தான் ரத்த மூலச் செல்களை எடுக்கிறார்கள். அதற்கு முன் சில நாள் ஊசி உண்டு. முதுகெலும்பைத் தொடுவதில்லை. அழைப்பு வரும் நாளில் பெற்றோர் பயந்து தடுப்பதுண்டு. வீட்டில் முதலிலேயே பேசிவிட்டுப் பெயர் கொடுங்கள்.