உயிர் காத்த மருந்தும் உடல் கொடுத்த விலையும்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து துணைசெய்பவன் என்பன அவை. இந்நான்கனுள் நோயுற்றவனையே அவர் முதற்கண் வைத்தார். அவ்வைப்பு முறையின் பொருத்தத்தை எச்.ஐ.வி. கிருமிக்கு எதிரான மருந்துகளின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகளைக் கொண்டு, இந்தியாவில் இக்கிருமி இருப்பதை முதன்முதலாக வெளிப்படுத்தினார். அம்மாதிரிகள் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. மலேசியாவில் இந்நோய் முதலில் அறியப்பட்டதும் அவ்வாண்டிலேயே. அன்று இதற்கு மருந்தில்லை. 1987இல் அமெரிக்காவில் சிடோவுடின் ஒப்புதல் பெற்றது. எனினும் தனித்து வழங்கப்பட்டபோது அதன் பயன் நீடிக்கவில்லை. 1996இல் வான்கூவர் மாநாட்டில் மும்மருந்துக் கூட்டுச் சிகிச்சையின் வெற்றி உலகறியக் கூறப்பட்டது. இறப்பை எதிர்நோக்கியிருந்தோர் பலர் எழுந்து நடமாடினர்.

அம்மகிழ்ச்சியினூடே ஒரு கவலையும் எழுந்தது. மருந்துண்டோர் சிலருக்குக் கன்னமும் கைகால்களும் வற்றின, வயிறு பருத்தது, பிடரியில் கொழுப்புத் திரண்டது. 1998இல் சிட்னி நகர மருத்துவர் ஆண்ட்ரு காரும் அவர்தம் குழுவினரும் இம்மாற்றங்களை, இரத்தக் கொழுப்பு மிகுதலோடும் இன்சுலின் திறன் குன்றுதலோடும் சேர்த்து விளக்கினர். புரோட்டியேஸ் தடுப்பிகள் எனப்படும் மருந்துகள் மீதே முதலில் ஐயம் விழுந்தது. பின்னர், ஸ்டாவுடின், சிடோவுடின் ஆகியவை உயிரணுக்களின் ஆற்றல் உலையாகிய மைட்டோகாண்டிரியாவைப் பழுதாக்குவதும், அதனால் தோலடிக் கொழுப்புத் தேய்வதும் தெளிவாயின.

இவ்வளவு அறிந்த பின்னரும் ஸ்டாவுடின் ஏழை நாடுகளில் பரவியது ஏன்? விலையே காரணம். மேலைநாடுகளில் ஓர் ஆண்டு மருந்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவான காலத்தில், 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்ளா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஸ்டாவுடின் அடங்கிய கூட்டே அது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசச் சிகிச்சையைத் தொடங்கியபோது, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் அதன் முதல் மையங்களுள் ஒன்றாயிற்று. நம் மலேசிய அரசும் 2003இல் காப்புரிமைச் சட்டத்தின்வழித் தனக்குள்ள உரிமையைப் பயன்படுத்தி, டைடனோசின், சிடோவுடின், லாமிவுடின் கலந்த சிடோவுடின் ஆகியவற்றைச் சிப்ளாவிடமிருந்து தருவித்தது. இவை உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. எனினும் பக்க விளைவில் இவையும் அப்பழைய தலைமுறையைச் சேர்ந்தவையே.

லூமுட் போன்ற சிற்றூரில் ஒருவர் முகம் வாடினால் அது கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் பேச்சாகிவிடும். நோயை மறைத்து வாழ வேண்டிய நிலையிலிருந்தோர்க்குக் குழிவிழுந்த கன்னம் தம்மைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாயிற்று. உயிரை மீட்ட மருந்தே மானத்தைப் பறித்துவிடுமோ என அஞ்சி மருந்தை நிறுத்த எண்ணுவது மனித இயல்பு. ஆனால் நிறுத்துவது தீர்வன்று. 2006இல் வெளியான ஸ்மார்ட் என்னும் பன்னாட்டு ஆய்வு, மருந்தை இடைநிறுத்தியோரிடையே இறப்பு மட்டுமன்றி இதயநோயும் மிகுந்ததைக் காட்டியது.

வேண்டியது மருந்தை மாற்றுதலே. 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு நாடுகளை வேண்டியது. அதனிடத்தே பெரும்பாலும் டெனோபோவிர் வந்தது. அது முகத்தைக் கெடுப்பதில்லை, எனினும் சிறுநீரகத்தையும் எலும்பையும் கண்காணிக்க வேண்டும். அடுத்து வந்த டொலுடெகிராவிர் ஆற்றல் மிக்கது. ஆயினும் சிலருக்கு உடல் எடையைக் கூட்டுவதை 2019இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு உணர்த்தியது. இந்நோயுடன் வாழ்வோர்க்குப் பிடாவாஸ்டாடின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்து மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்கேடுகளை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைப்பதை 2023இல் மற்றோர் ஆய்வு மெய்ப்பித்தது.

இவ்வரலாறு மலேசியத் தமிழர்க்குத் தொலைவில் உள்ளதன்று. இந்நாட்டுப் பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு இனிப்புநீர் உண்டு என்று 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறியது. இந்தியரிடையே அவ்விழுக்காடு பிற இனத்தாரினும் மிகுதி. ஆதலின் நம்மவருள் இம்மருந்துகளை உண்பவர் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் இடையறாது சோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

தம் உடலில் கண்ட மாற்றத்தை நோயாளிகள் எடுத்துச் சொன்னதனாலும், அச்சொல்லை மருத்துவர் செவிமடுத்ததனாலுமே மருந்து திருந்தியது. அவர்கள் வாய்திறக்க அஞ்சும் சமுதாயத்தில் அத்திருத்தம் நிகழாது. வள்ளுவர் கூறிய நான்காம் கூறாகிய உடனிருப்போர் என்பார் செவிலியர் மட்டுமல்லர். சுற்றத்தாரும் ஊராரும் ஆசிரியராகிய நாமும் அவருள் அடங்குவோம். வகுப்பறையில் இந்நோயைப் பற்றிப் பேசுங்கால் பழிச்சொல் கலவாமல் பேசுவது நம் முதற் கடனாகும்.