யாருடைய பரம்பரைத் தோட்டம்?

'மூன்று தலைமுறைத் தோட்டம்' என்கிற சொல்லாடல் எனக்குச் சந்தேகத்துக்குரியது. தலைமுறையை எதிலிருந்து எண்ணுகிறோம்? உழைப்பிலிருந்தா, பத்திரத்திலிருந்தா?

கலிஃபோர்னியாவில், ஃபிரெஸ்னோவுக்குத் தெற்கே, டெல் ரேயில் மசுமோட்டோ குடும்பத்தின் பீச் தோட்டம் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த தாத்தா பாட்டி அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். சொந்த நிலத்துக்குச் சட்டமே குறுக்கே நின்றது. 'குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர்' நிலம் வாங்கக் கூடாது என்றது 1913ஆம் ஆண்டுச் சட்டம். ஜப்பானியர் என்ற சொல்லே அதில் கிடையாது. பேரைச் சொல்லாமலே ஆளைக் குறிவைப்பதுதானே அதிகாரத்தின் மொழி! 1942இல் மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார்கள். இந்தக் குடும்பம் போன கிலா ரிவர் முகாம் அரிசோனாவில் பூர்வகுடிகளின் மண்ணில், அவர்கள் எதிர்ப்பை மீறி எழுப்பப்பட்டது.

போர் முடிந்தபின், 1948இல் மகன் நிலம் வாங்கினார். அமெரிக்காவில் பிறந்தவர் என்பதால் முடிந்தது. அந்தச் சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்றது 1952இல்தான்.

பேரன் டேவிட் மாஸ் மசுமோட்டோ, சந்தை ஒதுக்கிய 'சன் கிரெஸ்ட்' என்னும் பீச் ரகத்தைப் பற்றி 1995இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ருசிக்குக் குறைவில்லை; சிவப்பு போதாது, நாள்பட இருக்காது, அவ்வளவுதான் குற்றம். நிறத்தைப் பார்த்துத் தள்ளுவது அந்தக் குடும்பத்துக்குப் புதுசா என்ன? அந்த மரங்களை வெட்டாமல் விட்டதை வெறும் ஏக்கம் என்று என்னால் வாசிக்க முடியவில்லை.

ஆனால் கேள்வி அங்கேயும் நிற்பதில்லை. இன்று கலிஃபோர்னிய வயல்களிலும் தோட்டங்களிலும் கூலிவேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தலைமுறையை எந்தப் பத்திரம் எண்ணப்போகிறது?