முதிர்வயதில் மதியிறுக்கம் கண்டறிதல்

முதிர்வயதில் மதியிறுக்கம் கண்டறிதல் என்பது குழந்தைப் பருவத்தில் அறியப்படாத மதியிறுக்கத்தை, அதாவது ஆட்டிசத்தை, பிற்காலத்தில் மதிப்பீட்டின் மூலம் உறுதி செய்வதாகும். லியோ கானர் 1943 இல் விவரித்த இந்நிலை நெடுங்காலம் குழந்தைகளுக்கு உரியதாகவே கருதப்பட்டது. அதனால் சரளமாகப் பேசக்கூடிய பலர் கண்டறியப்படாமலே முதுமையடைந்தனர். உரையாடலில் இடர்ப்பாடு, மாறா ஒழுங்கில் பற்று, ஒலி குறித்த கூருணர்வு முதலிய இவர்களது இயல்புகளை வாழ்க்கைத்துணை அக்கறையின்மை எனத் தவறாகக் கொள்வதுண்டு.

இங்கிலாந்தில் மதிப்பீடு

இங்கிலாந்தில் 2009 ஆம் ஆண்டின் மதியிறுக்கச் சட்டம் வயதுவந்தோருக்கான சேவைகளுக்கு வழிவகுத்தது. முதலில் குடும்ப மருத்துவரை அணுக வேண்டும். 10 வினாக்கள் கொண்ட படிவத்தில் 6 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் பெறுபவர் முழு மதிப்பீட்டிற்கு அனுப்பப்படலாம். குருதிச் சோதனையால் இதனை அறிய இயலாது. இளமைக்கால வரலாறு இன்றியமையாதது. முதியோரின் பெற்றோர் பெரும்பாலும் உயிருடன் இல்லாமையால் உடன்பிறந்தோரின் நினைவுகள், பழைய பள்ளி அறிக்கைகள், துணையின் கூற்று ஆகியன பயன்படுகின்றன.

முதுமையில் புதிதாகத் தோன்றும் நடத்தை மாற்றத்திற்கு மறதிநோய், மனச்சோர்வு போன்றவை காரணமாகலாம். மதியிறுக்க இயல்புகளோ இளமை முதலே காணப்படுபவை. மதிப்பீட்டிற்கு உரியவரின் ஒப்புதல் தேவை. அவர் மறுப்பினும், பராமரிப்பாளரான துணை 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி தமது தேவைகளுக்கென உள்ளூராட்சியிடம் மதிப்பீடு கோரலாம்.