லின்க்ஸின் ரோமமும் கிண்டிக் காட்டுப்பூனையும்

அடையாற்றிலிருந்து கிண்டிக்குப் போகும் சர்தார் படேல் சாலையில் தினமும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். சாலையோரச் சுவருக்குப் பின்னால் வெளிமானும் புள்ளிமானும் இருப்பது சென்னைவாசிகள் எல்லோருக்கும் தெரியும். அங்கே காட்டுப்பூனையும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சங்கப் பாடல்களில் 'வெருகு' என்று வருவது காட்டில் திரியும் பூனைதான். காது நுனியில் சிறு கருங்குடுமி இருப்பதால் ஐரோப்பாவில் காட்டுப்பூனையைச் 'சதுப்பு லின்க்ஸ்' என்றும் அழைத்தார்கள். உண்மையில் இது லின்க்ஸ் அல்ல, வீட்டுப்பூனைக்கு நெருங்கிய உறவு. ஆனாலும் இரண்டின் வரலாற்றையும் ரோமம் இணைக்கிறது.

முதலில் லின்க்ஸ் எது என்று பார்க்கலாம். தமிழில் சிலர் இதைச் 'சிவிங்கிப் பூனை' என்கிறார்கள். வேகமாக ஓடும் சிவிங்கிப்புலி வேறு. லின்க்ஸில் நான்கு இனங்கள் உண்டு. இந்தியாவில் இருப்பது ஐரோவாசிய லின்க்ஸ், அதுவும் லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில்தான். இமயமலை வகைக்கு 1847-ல் 'இசபெல்லினஸ்' என்று பெயரிட்டவர் கல்கத்தாவில் இருந்த எட்வர்ட் பிளைத். வெளிறிய மணல் நிறத்தைக் குறிக்கும் சொல் அது. அதாவது பெயரே ரோமத்தை வைத்து வந்தது!

லின்க்ஸின் ரோமம் இரண்டு அடுக்கு. உள்ளே மெல்லிய அடர்ந்த முடி உடல் சூட்டைக் காக்கும். வெளியே உள்ள நீண்ட முடி பனியையும் ஈரத்தையும் தடுக்கும். கோடையில் ரோமம் குட்டையாகவும் செம்பழுப்பாகவும் இருக்கும், குளிர்காலத்தில் நீண்டு சாம்பல் நிறமாக மாறும். பாதங்களின் அடியிலும் முடி அடர்ந்திருப்பதால் பனியில் கால் புதையாது. வயிற்றுப் பகுதியில் வெண்மையான நீண்ட மென்முடி இருக்கும். ரோம வியாபாரிகள் அதிக விலை கொடுத்தது இந்த வயிற்றுத் தோலுக்குத்தான்.

கனடாவில் 1670-ல் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனி ஆண்டுதோறும் வாங்கிய லின்க்ஸ் தோல்களைக் கணக்கில் எழுதி வைத்தது. அந்தக் கணக்குகளை ஆராய்ந்த சார்லஸ் எல்டனும் மேரி நிக்கல்சனும், லின்க்ஸ் எண்ணிக்கை சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று 1942-ல் காட்டினார்கள். அதன் முக்கிய இரையான பனிமுயல் பெருகினால் லின்க்ஸும் பெருகும், குறைந்தால் இதுவும் குறையும். கொன்றவர்களின் கணக்கே பிற்காலத்தில் அறிவியலுக்கு உதவியது ஒரு விந்தை.

காட்டுப்பூனையின் ரோமத்துக்கு அந்த ஆடம்பரம் கிடையாது. குட்டிகளுக்குக் கோடுகள் இருக்கும், வளர வளர மறைந்துவிடும். வளர்ந்த பூனை மணல் நிறம் அல்லது சாம்பல் கலந்த பழுப்பு. வால் நுனியில் மட்டும் கரு வளையங்கள். காய்ந்த புல்லிலும் நாணலிலும் அது நின்றால் கண்ணுக்குத் தெரியாது. குளிர் நாடுகளில் வாழும் காட்டுப்பூனைக்குக் குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்து வளரும். தென்னிந்தியாவில் உள்ளவை உருவத்தில் சிறியவை.

இப்படிச் சாதாரணமான தோலை யார் வாங்குவார்கள் என்று தோன்றலாம். வாங்கினார்கள்! 1960, 70-களில் பெரிய பூனைகளுக்குப் பாதுகாப்பு வந்ததும் ரோமச் சந்தை சிறு பூனைகள் பக்கம் திரும்பியது. சாதாரணத் தோல் பதனிடுதலில் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை நீக்கிவிடுவார்கள். ரோமத் தோலில் முடிதான் சரக்கு. சிறிய பூனை என்பதால் ஒரு கோட்டுக்குப் பல பூனைகள் சாக வேண்டும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் இந்தியா 1976-ல் சேர்ந்தது. 1979-ல் காட்டுப்பூனைத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அந்தச் சமயத்தில் வியாபாரிகள் தங்கள் கையிருப்பாகக் காட்டிய காட்டுப்பூனைத் தோல்கள் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல். இது விற்காமல் மீந்த சரக்கின் கணக்குதான். அதற்கு முன் கப்பலேறியவை இதில் சேராது.

கிண்டிக் காட்டின் கதையும் ஏறக்குறைய அதே காலத்தில் திரும்பியது. சுமார் 505 ஹெக்டேர் பரப்புடன் 1910-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட இடம் இது. 1958-ல் ஒரு பகுதி ஐ.ஐ.டி.க்குப் போனது. பிறகு வேறு நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் நிலம் போனது. மிஞ்சியது 1978-ல் தேசியப் பூங்காவானது. இன்று அதன் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்.

ரோமத்துக்கு விலை இல்லாமல் போனதும் காட்டுப்பூனையைத் தேடிக் கொல்லப் பெரிய காரணம் இல்லாமல் போனது. ஆனால் அது வாழ்வது புதர்க்காட்டிலும் சதுப்பு நிலத்திலும். நகரம் வளரும்போது 'சும்மா கிடக்கும் நிலம்' என்று முதலில் கணக்கில் எடுக்கப்படுவதும் அவைதான். அன்று அதன் தோலுக்கு விலை இருந்தது, இன்று அது நிற்கும் மண்ணுக்கு விலை இருக்கிறது. முதல் ஆபத்தைச் சட்டம் பெரும்பாலும் தடுத்துவிட்டது. இரண்டாவதிலிருந்து தப்பிக்கச் சென்னைக்குள் அதற்கு இருக்கும் சில இடங்களில் கிண்டியும் ஒன்று.