ஓரியன்டல் வங்கியின் வீழ்ச்சியும் அது புகட்டும் பாடமும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்தமை பொருளியல் வரலாறு கற்பார்க்கு வியப்பளிக்காது. பிறர் தந்த வாக்கை நம்பியே நாம் ஒரு தாளைப் பணமாக ஏற்கின்றோம். அத்தகைய வாக்கையே முதலாகக் கொண்டு தொழில் நடத்தும் நிறுவனம் வங்கி. அவ்வாக்குப் பொய்க்குமாயின் நாடு முழுவதும் எத்தகைய இடருக்கு ஆளாகும் என்பதை இலங்கை 1884 ஆம் ஆண்டிற் கண்டது. அந்நிகழ்ச்சியின் காரணங்களையும் விளைவுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வங்கியின் தொழிலைச் சிறிது நோக்குவோம். பலர் சிறு சிறு தொகைகளாக ஒப்படைக்கும் பணத்தைத் திரட்டி, முயற்சியுடையார்க்குக் கடனாக வழங்குவது வங்கி. பெட்டியில் உறங்கும் பணம் இதனாலே தோட்டமாகவும் தொழிற்சாலையாகவும் கப்பற்சரக்காகவும் உருப்பெறுகின்றது. ஆயினும் வைப்பாளன் தன் பணத்தை வேண்டியபோது கேட்கலாம். கடன்பட்டவனோ பல ஆண்டுகள் கழித்தே அதனைத் திருப்புவான். நூறு ரூபா வைப்பைப் பெற்ற வங்கியொன்று இருபது ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு எண்பது ரூபாவைக் கடனாகக் கொடுக்கின்றது என வைத்துக்கொள்வோம். வைப்பாளர் எல்லாரும் ஒரே நாளில் வந்து கேளார் என்னும் நம்பிக்கையிலேயே அவ்வங்கி நிலைபெறுகின்றது. எனவே வங்கியினால் வரும் பயனுக்கும் அதனால் வரும் இடருக்கும் மூலம் ஒன்றேயாகும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1842 இல் பம்பாயில் தோன்றிய மேற்கிந்திய வங்கி 1845 இல் தன் தலைமையகத்தை இலண்டனுக்கு மாற்றி, ஓரியன்டல் வங்கி எனப் பெயர் பெற்றது. இலங்கையிலே 1841 இல் 'இலங்கை வங்கி' என்னும் பெயருடன் ஒரு வங்கி தொடங்கப்பட்டிருந்தது. இன்று அப்பெயருடன் விளங்கும் வங்கி வேறு. 1847 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஏற்பட்ட வாணிப நெருக்கடியை அடுத்துக் கோப்பி விலை வீழ்ச்சியுற, அவ்வங்கி தளர்ந்தது. ஓரியன்டல் வங்கி அதனைத் தன்னுடன் இணைத்துக்கொண்டு, 1851 இல் அரச பட்டயமும் பெற்றது. அது வெளியிட்ட தாள்கள் இத்தீவிலே பணமாக வழங்கின. அவற்றை வெளியிட்டது அரசாங்கமன்று, இலாபம் கருதி நடத்தப்பட்ட ஒரு நிறுவனமே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்காலத்து இலங்கையின் செல்வம் கோப்பியிலே தங்கியிருந்தது. 1870 அளவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியாயிற்று. ஆனால் 1869 இலேயே மடுல்சீமைப் பகுதியில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டிருந்தது. நோய் பரவப் பரவ விளைச்சல் குன்றியது. எனினும் உலகச் சந்தையில் விலை உயர்ந்தமையால் அக்குறை வெளித்தோன்றாது மறைந்தது. தோட்டக்காரர் புதுக் காடுகளை அழித்துப் பயிரிட்டனர். 1878 இல் கோப்பிப் பயிர் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் நின்றது. இம்முயற்சிக்கு வேண்டிய பணத்தை வங்கிகள் தோட்டங்களையும் வருங்கால விளைச்சலையும் ஈடாகக் கொண்டு வழங்கின. பின்னர் விலையும் வீழ்ந்தபோது கடன்பட்டவனால் கடனைத் தீர்க்க இயலவில்லை. ஈடாக இருந்த தோட்டத்தை வாங்குவாருமில்லை. கடனுக்கு அடிப்படையான பயிரும் அதற்குப் பிணையான நிலமும் ஒருங்கே மதிப்பிழந்தன.

ஓரியன்டல் வங்கியின் இடர் இத்துடன் நின்றதன்று. மொறீசியசுத் தீவின் கரும்புத் தோட்டங்களிலும் அதன் பணம் சிக்கியிருந்தது. 1873 முதலாக வெள்ளியின் விலை வீழ்ந்து வந்தமையால் கீழைத்தேயங்களில் ரூபாவாக இருந்த அதன் சொத்துக்கள் பவுண் கணக்கிலே தேய்ந்தன. 1884 மே மாதத் தொடக்கத்தில் வங்கி தன் கதவை அடைத்தது.

அன்று இழப்பை எதிர்நோக்கியவர் வங்கியில் வைப்பிட்டோர் மட்டுமல்லர். அதன் தாளைக் கூலியாகவோ சரக்கின் விலையாகவோ பெற்றவர் எவராயினும், வங்கியின் வாசலை ஒருபோதும் மிதியாதவராயினும், இழப்பின் விளிம்பில் நின்றனர். இந்நிலையில் தேசாதிபதி சேர் ஆதர் ஹமில்டன் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பேற்கும் என அறிவித்தார். பீதி தணிந்தது. எனினும் அவ்வுறுதி தாள்களுக்கே உரியது; வைப்புக்களைக் காக்க அது எழுந்ததன்று. அதே ஆண்டில் நாணயத்தாட் சட்டம் இயற்றப்பட்டது. நாணய ஆணையாளர் சபை நிறுவப்பட்டு, 1885 முதல் அரசாங்கமே தாள்களை வெளியிடலாயிற்று. ஒரு பகுதி வெள்ளி நாணயமும் ஒரு பகுதி பிணையங்களும் அத்தாள்களுக்கு ஆதாரமாக வைக்கப்பட்டன. பழைய வங்கியின் எச்சத்திலிருந்து எழுந்த புதிய ஓரியன்டல் வங்கியோ 1892 இல் தானும் வீழ்ந்தது.

தாள் வெளியீடு தனியார் கையினின்றும் நீங்கிய பின்னும் கடனால் வரும் இடர் நீங்கிற்றில்லை. அந்நிய வங்கிகள் நாட்டுக்கோட்டைச் செட்டிமார்க்குக் கடன் வழங்க, அவர்கள் உள்ளூர் வணிகர்க்கும் நிலவுடையோர்க்கும் கூடிய வட்டிக்குக் கொடுத்துவந்தனர். 1925 இல் செட்டிமார் நிறுவனமொன்று முறிந்தவுடன் வங்கிகள் தம் கையை இறுக்கின. ஒருவர் முறிந்தமையாற் பலருக்குக் கடன்வழி அடைபட்டது. 1929 இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் அவ்விடரை மேலும் பெருக்கியது. உள்நாட்டார்க்குரிய கடன்வசதியை ஆராய 1934 இல் சேர் சொராப்ஜி போச்கானவாலாவின் தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. 1939 இல் இன்றைய இலங்கை வங்கி தோன்றியது. 1950 இல் மத்திய வங்கி நிறுவப்பட்டது.

மத்திய வங்கியின் கடமையை விளக்க உவோல்ற்றர் பசற் என்னும் ஆங்கில அறிஞர் 1873 இலேயே வழிகாட்டினார். பீதி எழும்போது, நல்ல ஈடுடைய வங்கிக்குத் தாராளமாக, ஆனால் உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பணமுடை வேறு, நட்டம் வேறு என்னும் தெளிவு இக்கொள்கையின் உயிராகும். பணமுடையால் தடுமாறும் வங்கியைக் காப்பது அறிவுடைமை; முதல் அழிந்த வங்கிக்கு மேலும் மேலும் கடன் கொடுப்பது நட்டத்தைப் பெருக்குவதாகும். இலங்கையில் வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010 இல் நடைமுறைக்கு வந்தது. 1884 இல் தாளை வைத்திருந்தவன் பெற்ற உறுதியின் ஒரு பங்கை வைப்பாளன் பெறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

உறுதி மட்டும் போதுமா என்னும் வினா ஈண்டு எழுதல் இயல்பு. போதாது என்பதே எமது துணிபு. அரசாங்கம் பொறுப்பேற்கும் என்பதை முன்னரே அறிந்த வங்கி துணிந்து கடன் கொடுக்கும்; வைப்பாளனும் வட்டியை மட்டும் நோக்கி, வங்கியின் நிலையை நோக்கான். ஆகவே பொறுப்பேற்கும் அரசுக்குக் கணக்கைப் பரிசோதிக்கும் உரிமையும், கடன்கள் ஒரே தொழிலிற் குவியாது தடுக்கும் கடமையும் உண்டு. இலைத்துரு 1869 இலேயே காணப்பட்டது; வங்கி வீழ்ந்ததோ 1884 இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளும் விலையுயர்வை வளம் என்று மயங்கிய காலமாகும்.

இன்று வணிகமும் பொருளியலும் பயிலும் மாணவர் நாளை வங்கி அலுவலராகவும் கணக்காய்வாளராகவும் விளங்குவர். ஒரு வங்கியின் ஐந்தொகையைக் காணுங்கால், அதன் இலாபம் எவ்வளவு என வினவுவதற்கு முன், அக்கடன்கள் எதனை நம்பிக் கொடுக்கப்பட்டன என வினவுதல் அவர்தம் கடன். அவ்வினாவை எழுப்பாமையின் விலையை, வங்கியை அறியாத எளிய மக்களும் கொடுக்க நேரும் என்பதே ஓரியன்டல் வங்கியின் வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.